மரியா சூறாவளி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2017 செப்டம்பரில் கரீபியக் கடலில் மரியா என்றொரு சூறாவளி அடித்தது. டொமினிக்கா என்ற சின்னத் தீவு நாட்டையும், அமெரிக்கக் கொடியின் கீழ் இருக்கும் புவேர்ட்டோ ரீக்கோவையும் அது புரட்டிப் போட்டது. காற்று ஒரே நாளில் ஓய்ந்துவிட்டது. ஆனால் அதனால் இறந்தவர்களில் பெரும்பாலோர் காற்றிலோ வெள்ளத்திலோ சிக்கி இறக்கவில்லை, அதற்கடுத்த வாரங்களிலும் மாதங்களிலும் இறந்தார்கள். அதனால்தான் இந்தப் பக்கத்தில் வானிலையைவிட மின்கம்பிகளையும் இறப்புச் சான்றிதழ்களையும் பற்றி அதிகம் வரும்.

ஹரிகேனும் நம்ம ஊர்ப் புயலும் ஒன்றுதானா?

ஒன்றுதான். சூடான கடல்நீர் ஆவியாகி மேலே போய்க் குளிரும்போது வெப்பத்தை வெளியே விடுகிறது. அந்த வெப்பம்தான் புயலுக்குச் சாப்பாடு. அட்லாண்டிக்கில் அதை ஹரிகேன் என்கிறார்கள், மேற்குப் பசிபிக்கில் டைபூன், வங்கக்கடலில் நமக்குப் புயல்.

அளப்பதில் மட்டும் சிறு வேறுபாடு உண்டு. அமெரிக்காவில் 1 நிமிடச் சராசரிக் காற்றை எடுக்கிறார்கள், இந்திய வானிலை ஆய்வுத் துறை 3 நிமிடச் சராசரியை எடுக்கிறது. மணிக்கு 119 கி.மீ.யைத் தாண்டினால் அது முதல் வகை ஹரிகேன், 252 கி.மீ.யைத் தொட்டால் ஐந்தாம் வகை. ஆறாம் வகை கிடையாது.

2018இல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த கஜாவைப் பார்த்தவர்களுக்கு ஒரு கணக்கு. புவேர்ட்டோ ரீக்கோவில் மரியாவின் காற்று கஜாவைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு வேகம். வேகம் இரட்டிப்பானால் சுவரிலும் கம்பத்திலும் விழும் விசை நான்கு மடங்காகும். டெல்டாவில் சாய்ந்த கம்பங்களை நினைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

மரியா எங்கே பிறந்தது?

அதன் மூலம் ஆப்பிரிக்கா. கோடை மாதங்களில் சகாராவின் சூட்டுக்கும் அதற்குத் தெற்கே கினி வளைகுடாவின் குளிர்ச்சிக்கும் இடையிலான வேறுபாட்டால், மேற்கு ஆப்பிரிக்காவின் மேலே கிழக்கிலிருந்து மேற்காக ஒரு காற்றோட்டம் ஓடும். அது நெளியும்போது இடியும் மழையுமாகச் சில கூட்டங்கள் கிளம்பி அட்லாண்டிக்கில் இறங்கும். வருடத்துக்கு அறுபது வாக்கில் இப்படி இறங்குகின்றன. பெரும்பாலானவை ஒன்றுமில்லாமல் கரைந்துவிடும். ஆனால் அட்லாண்டிக்கின் பெரிய ஹரிகேன்களில் மிகப் பெரும்பாலானவை இந்த வழியாக வந்தவைதான்.

மரியாவின் கூட்டம் செப்டம்பர் 12ஆம் தேதி ஆப்பிரிக்கக் கரையைத் தாண்டியது. நாலு நாள் சோம்பலாக மேற்கே நகர்ந்தது. 16ஆம் தேதி பார்படோஸுக்குக் கிழக்கே தாழ்வு மண்டலமாகி, அன்றே பெயர் பெற்ற புயலாயிற்று. 17ஆம் தேதி ஹரிகேன்.

ஒரே நாளில் ஐந்தாம் வகையாக மாறியது எப்படி?

வானிலைக்காரர்களை இன்றும் பயமுறுத்துவது இந்தப் பகுதிதான். செப்டம்பர் 18 அன்று, ஏறக்குறைய 24 மணி நேரத்துக்குள், முதல் வகையில் இருந்த புயல் ஐந்தாம் வகைக்குப் போய்விட்டது. மணிக்கு 140 கி.மீ.யை ஒட்டி இருந்த காற்று 270ஐ ஒட்டி நின்றது.

இதற்கு மூன்று விஷயங்கள் கூடிவர வேண்டும். கடலின் மேற்பரப்பு மட்டுமல்ல, கீழேயும் நல்ல ஆழத்துக்குச் சூடு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் புயல் கிளறிவிடும் குளிர்ந்த நீரே அதை அடக்கிவிடும். சுற்றிலும் ஈரப்பதம் வேண்டும். மேல் வானத்துக் காற்றும் கீழ் வானத்துக் காற்றும் ஆளுக்கொரு திசையில் இழுக்கக் கூடாது, இழுத்தால் புயலின் தூண் சாய்ந்துவிடும். அந்த வாரம் மூன்றும் அமைந்தன. காலையில் முதல் வகை என்று கேட்டுவிட்டு வேலைக்குப் போனவர், இரவு வீடு திரும்பும்போது ஐந்தாம் வகையின் வாசலில் இருக்கிறார். எச்சரிக்கை சரியாகவே வந்திருந்தாலும், ஜனங்கள் தயாராக அது போதாது.

டொமினிக்காவுக்கு என்ன ஆனது?

முதலில், இது டொமினிக்கன் குடியரசு இல்லை. அது பெரிய நாடு, பேசுவது ஸ்பானிஷ். டொமினிக்கா எழுபதாயிரம் பேர் வாழும் ஆங்கிலம் பேசும் மலைத் தீவு. செய்திகளில் அப்போதே பலர் குழம்பினார்கள்.

செப்டம்பர் 18 இரவு ஒன்பதேகால் மணி வாக்கில், மணிக்கு ஏறக்குறைய 270 கி.மீ. காற்றோடு மரியா அந்தத் தீவின் மேல் ஏறியது. ஐந்தாம் வகைப் புயல் டொமினிக்காவை நேரடியாகத் தாக்கியதாகப் பதிவில் இருப்பது அதுதான் முதல் முறை. அதன் பிரதமர் ரூஸ்வெல்ட் ஸ்கெரிட் அந்த இரவில் ஃபேஸ்புக்கில் எழுதிக்கொண்டிருந்தார்: கூரை போய்விட்டது, வீட்டுக்குள் தண்ணீர் வருகிறது, முழுக்கச் சூறாவளியின் தயவில் இருக்கிறேன். சற்று நேரம் கழித்து, என்னைக் காப்பாற்றிவிட்டார்கள் என்று ஒரு வரி. ஒரு நாட்டின் தலைவரே இப்படி என்றால் மலைச்சரிவில் தகரக் கூரை போட்டவர்களின் கதி என்ன என்று உலகத்துக்குப் புரிந்தது. அதன்பின் தீவிலிருந்து தகவலே இல்லாமல் போயிற்று, தொலைத்தொடர்பு முழுக்க அறுந்துவிட்டது.

தீவின் பத்தில் ஒன்பது கூரைகள் சேதமாயின. இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக 65 பேர். மொத்த இழப்பு 130 கோடி டாலர் என்று கணக்கிட்டார்கள், அதாவது அந்த நாட்டின் ஓராண்டு மொத்த உற்பத்தியைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். இரண்டு வருடம் முன்பு, 2015இல், எரிக்கா என்ற சாதாரணப் புயலின் மழையில் சரிந்ததையே அவர்கள் முழுதாக எடுத்துக் கட்டி முடித்திருக்கவில்லை. பச்சைப் போர்வையாக இருந்த மழைக்காடு மறுநாள் விமானத்திலிருந்து பார்த்தவர்களுக்குப் பழுப்பாகத் தெரிந்தது. மரங்கள் நின்றன, இலைகள் இல்லை. நாட்டின் கொடியிலேயே இருக்கும் சிசெரு கிளி அந்தக் காட்டில்தான் வாழ்கிறது, அதன் எண்ணிக்கை ஆபத்தான அளவுக்குக் குறைந்தது.

புவேர்ட்டோ ரீக்கோ அமெரிக்காவா, தனி நாடா?

இரண்டும் முழுசாக இல்லை. 1898இல் ஸ்பெயினிடமிருந்து அமெரிக்கா எடுத்துக்கொண்டது. 1917 முதல் அங்கே பிறப்பவர்கள் அமெரிக்கக் குடிமக்கள். ஆனால் தீவில் வசிக்கும்வரை அதிபர் தேர்தலில் ஓட்டுப் போட முடியாது, அமெரிக்க நாடாளுமன்றத்தில் அவர்களுடைய பிரதிநிதிக்கும் ஓட்டு இல்லை. மரியாவின் சமயத்தில் மக்கள்தொகை 33 லட்சம். இந்த அரைகுறை நிலை ஏன் முக்கியம் என்பது நிவாரணத்தைப் பற்றிய கேள்வியில் தெரியும்.

அங்கே வரும்போது நான்காம் வகையாகக் குறைந்துவிட்டதே, அது நல்லதுதானே?

அப்படித்தான் தோன்றும். டொமினிக்காவைத் தாண்டிய மரியா மறுபடி பலம் பிடித்து, செப்டம்பர் 19 இரவு மணிக்கு 280 கி.மீ. காற்று, 908 மில்லிபார் அழுத்தம் என்ற உச்சத்தைத் தொட்டது. பிறகு கரையை நெருங்கும்போது காற்று 250 கி.மீ. ஆனது, ஐந்தாம் வகைக்கு ஒரு மயிரிழை குறைவு.

ஆனால் அந்தக் குறைவுக்குக் காரணம் கண்சுவர் மாற்றம். பலமான புயல்களில், நடுவே அமைதியாக இருக்கும் கண்ணைச் சுற்றியிருக்கும் மேகச்சுவருக்கு வெளியே இன்னொரு வளையம் உருவாகி உள்ளே இருப்பதை நெரித்துவிடும். அப்போது உச்ச வேகம் கொஞ்சம் தணியும், கண்ணோ விரியும். மரியாவின் கண் 17 கி.மீ. குறுக்களவிலிருந்து 50 கி.மீ.க்கு மேல், கிட்டத்தட்ட மூன்று மடங்காக விரிந்தது. பேய்க்காற்று வீசும் பட்டை அந்த அளவுக்கு அகலமானது. 160 கி.மீ. நீளமும் ஐம்பத்து சொச்சம் கி.மீ. அகலமும் உள்ள தீவுக்கு இதில் எங்கே ஆறுதல்?

செப்டம்பர் 20 காலை ஆறேகால் மணிக்குத் தென்கிழக்கே யபுகோவா ஊருக்கு அருகில் கரையேறி, தீவைக் கோணல்மாணலாக மூலைக்கு மூலை அறுத்துக்கொண்டு, பிற்பகலில் வடமேற்கே கடலில் இறங்கியது. 1928க்குப் பிறகு அந்தத் தீவு பார்த்த மிகப் பலமான புயல் அது. அந்தக் காலத்தில் எந்தப் புனிதரின் திருநாளில் புயல் வந்ததோ அவர் பெயரையே புயலுக்கு வைப்பார்கள், 1928இல் வந்தது சான் ஃபெலிப்பே.

புயலை அளக்கிற கருவிகளே தப்பவில்லை. கயேய் மலைமேல் இருந்த வானிலை ராடாரின் வெள்ளைக் கூண்டும் உள்ளிருந்த தட்டும் பறந்துபோயின. அதன்பின் தீவின் மேல் என்ன நடக்கிறது என்று ராடாரில் பார்க்க வழியில்லை.

வெள்ளம் எவ்வளவு?

காகுவாஸ் பகுதியில் 960 மி.மீ.க்கு மேல் மழை பதிவானது. லா பிளாட்டா ஆறு கரை உடைத்து தோவா பாஹா ஊருக்குள் புகுந்தது, நூற்றுக்கணக்கானவர்களைக் கூரைகளின் மேலிருந்து மீட்டார்கள். வடமேற்கே குவாஹாடாக்கா அணையின் உபரிநீர்ப் போக்கி அரிக்கப்பட்டு, கீழே வசிக்கும் 70,000 பேர் வெளியேற வேண்டும் என்று அறிவித்தார்கள். அணை உடையவில்லை. ஆனால் செல்போன் கோபுரங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து செத்துக் கிடந்த நேரத்தில் அந்த அறிவிப்பு எத்தனை பேரின் காதில் விழுந்திருக்கும்?

மின்சாரம் வர ஏன் 11 மாதம் ஆயிற்று?

தீவு முழுவதும், ஒரு வீடு பாக்கியில்லாமல், மின்சாரம் போனது. கடைசிப் பகுதிக்கு அது திரும்பியது 2018 ஆகஸ்டில். அமெரிக்க வரலாற்றில் இவ்வளவு பெரிய மின்தடை இல்லை.

காற்றுதான் காரணம் என்று சொல்லி முடித்துவிடலாம். எனக்கு அது போதாத பதிலாகப் படுகிறது. கம்பங்களில் 80 சதவீதம் விழுந்தது காற்றால்தான், சரி. ஆனால் அந்தக் கம்பங்கள் எந்த நிலையில் நின்றுகொண்டிருந்தன?

மின் நிலையங்களில் பெரும்பகுதி தெற்குக் கரையில், ஆட்கள் நிறைந்த தலைநகர் சான் ஹுவான் வடக்கே. நடுவே மலைத்தொடர். உயரழுத்தக் கம்பிகள் அந்த மலைமேல் ஏறி இறங்கித்தான் வடக்கே வரவேண்டும், பல கோபுரங்களுக்குச் சாலையே கிடையாது, ஹெலிகாப்டர்தான். இதையெல்லாம் பராமரிக்க வேண்டிய அரசு மின்வாரியம் 900 கோடி டாலர் கடனில் மூழ்கி, மரியாவுக்கு இரண்டரை மாதம் முன்பு, 2017 ஜூலையில் திவால் நடவடிக்கைக்குப் போயிருந்தது. அனுபவமுள்ள ஊழியர்கள் ஓய்வுபெற்றும் வெளியேறியும் போயிருந்தார்கள். கம்பியோரத்து மரக்கிளைகளைக் கழிப்பதுகூட நின்றுபோயிருந்தது. இதற்கு மேல் செப்டம்பர் 6 அன்று இர்மா என்ற இன்னொரு ஐந்தாம் வகைச் சூறாவளி வடக்கே உரசிக்கொண்டு போனதில் பத்து லட்சம் இணைப்புகள் அறுந்து, பல்லாயிரம் வீடுகளுக்கு மரியா வரும் நாள்வரை விளக்கு வரவில்லை.

பின்னால் நடந்ததும் கேவலம். அமெரிக்காவில் ஓர் ஊரில் புயல் அடித்தால் மற்ற ஊர் மின்வாரியங்கள் ஆட்களையும் லாரிகளையும் அனுப்பிவைக்கும் ஏற்பாடு நெடுங்காலமாக இருக்கிறது. வாரியம் அதை உடனே கூப்பிடாமல், மொன்டானா மாநிலத்து ஒரு குட்டி நிறுவனத்துக்கு 30 கோடி டாலர் ஒப்பந்தம் கொடுத்தது. புயல் அடித்த நாளில் அந்த நிறுவனத்தில் நிரந்தர ஊழியர்கள் இரண்டே பேர். ஊர் சிரித்தபிறகு அக்டோபர் இறுதியில் ஒப்பந்தத்தை ரத்துசெய்தார்கள், அடுத்த மாதம் வாரியத் தலைவர் பதவி விலகினார். ஜனவரியில் வாரியத்தின் ஒரு கிடங்கில் பழுதுபார்ப்புக்குத் தேவையான உதிரிச் சாமான்கள் கிடப்பதைக் கண்டுபிடித்து, மத்திய அதிகாரிகள் போய் எடுத்துவந்தார்கள். அதற்காகத்தான் களத்தில் ஆட்கள் காத்துக்கொண்டிருந்தார்கள்.

சரி, எத்தனை பேர்தான் இறந்தார்கள்? 64ஆ, 2,975ஆ, 4,645ஆ?

மூன்று எண்ணும் மூன்று விதமான கேள்விக்குப் பதில். அதனால்தான் இணையத்தில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

64 என்பது இறப்புச் சான்றிதழில் சூறாவளி என்று எழுதப்பட்ட சாவுகள். அதிபர் டிரம்ப் அக்டோபர் 3 அன்று தீவுக்கு வந்தபோது அரசுக் கணக்கு வெறும் 16. 2005இல் அமெரிக்காவை அடித்த கத்ரீனா சூறாவளி மாதிரி ஆயிரக்கணக்கில் சாகவில்லை, பெருமைப்படலாம் என்ற பொருளில் அவர் பேசினார், கூட்டத்தை நோக்கிக் கை துடைக்கும் காகிதச் சுருள்களை வீசினார். அவர் கிளம்பிப் போன அன்று மாலையே எண் 34 ஆனது. டிசம்பரில் 64. அதோடு நின்றுவிட்டது.

ஏன் நின்றது? மரக்கிளை விழுந்து இறந்தவரை யாரும் விடமாட்டார்கள். ஆனால் ஆக்சிஜன் கருவிக்கு மின்சாரம் இல்லாமல் மூன்றாம் வாரம் இறந்த முதியவருக்கு மருத்துவர் எழுதுவது 'சுவாசக் கோளாறு'. இன்சுலின் குளிர்சாதனப் பெட்டி இல்லாமல் கெட்டுப்போய் இறந்தவருக்கு 'நீரிழிவு'. பேரிடரால் சிகிச்சை தடைபட்டு இறந்தால் அதையும் பேரிடர்ச் சாவாக எழுதலாம் என்று நாட்டு அளவில் வழிகாட்டுதல் இருந்தது, ஆனால் தீவின் மருத்துவர்களுக்கு அதில் பயிற்சி இல்லை. சூறாவளிச் சாவு என்று உறுதிசெய்ய உடல் சான் ஹுவானில் உள்ள தடயவியல் நிறுவனத்துக்குப் போக வேண்டும். சாலையும் இல்லை, எரிபொருளும் இல்லை, மலைக்கிராமத்திலிருந்து யார் கொண்டுபோவது?

2,975 வேறு வழியில் வந்தது. இந்த மாதங்களில் வழக்கமாக எத்தனை பேர் இறப்பார்கள், உண்மையில் எத்தனை பேர் இறந்தார்கள் என்று கழித்துப் பார்க்கும் கணக்கு அது. ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகம் அரசின் கோரிக்கையின் பேரில் செய்தது, 2017 செப்டம்பர் முதல் 2018 பிப்ரவரி வரை. புயலுக்குப் பின் தீவைவிட்டு வெளியேறியவர்களையும் கழித்துவிட்டுத்தான் கணக்கிட்டார்கள். 2018 ஆகஸ்ட் 28 அன்று அறிக்கை வந்ததும் ஆளுநர் ரிக்கார்டோ ரோசெயோ அதையே அதிகாரபூர்வ எண்ணாக ஏற்றுக்கொண்டார். 64லிருந்து ஒரே நாளில் 2,975.

4,645 ஹார்வர்டு ஆய்வாளர்கள் 3,299 வீடுகளில் கதவைத் தட்டிக் கேட்டு, அதை வைத்து முழுத் தீவுக்கும் மதிப்பிட்டது, 2017 டிசம்பர் 31 வரைக்கும். மாதிரி சிறியது என்பதால் அவர்களே 793 முதல் 8,498 வரை எங்கேயும் இருக்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். நடுவில் இருந்த எண்ணை மட்டும் பத்திரிகைகள் தலைப்பாக்கின. மூன்றில் எதை எடுப்பது என்றால், 2,975ஐ எடுங்கள். 64 நிச்சயம் பொய்க் கணக்கு.

இதெல்லாம் தானாக வெளிவந்துவிடவில்லை. தீவின் புலனாய்வு இதழியல் மையம் இறப்புப் பதிவேடுகளைக் கேட்டு நீதிமன்றம் வரை போனது. 2018 ஜூன் முதல் வாரத்தில், அரசு இன்னமும் 64 என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, இறந்தவர்களின் குடும்பங்கள் அவரவர் வீட்டுச் செருப்பையும் ஷூவையும் கொண்டுவந்து சான் ஹுவானில் சட்டமன்றக் கட்டடத்துக்கு முன்னால் வரிசையாக வைத்தார்கள். தாத்தாவின் தோல் ஷூ, குழந்தையின் காலணி, சிலவற்றில் பெயரும் வயதும் எழுதிய சீட்டு. நூற்றுக்கணக்கில் ஜோடிகள் சேர்ந்தன. 64 என்ற எண்ணை எதிர்த்து அதைவிடப் பெரிய வாதம் எதையும் யாரும் வைக்கவில்லை.

மின்சாரம் இல்லாமல் போனால் ஆள் இறப்பாரா என்ன?

ஆரோக்கியமானவருக்கு அது தொல்லை. சிறுநீரகம் செயலிழந்தவருக்கு அது நாள்கணக்கு. டயாலிசிஸுக்கு மின்சாரமும் வேண்டும், சுத்தமான தண்ணீரும் ஏராளமாக வேண்டும், தண்ணீரை மேலே ஏற்றும் மோட்டாருக்கும் மின்சாரம்தான் வேண்டும். வியேக்கஸ் என்ற பக்கத்துத் தீவில் இருந்த ஒரே மருத்துவமனை பாழாகிவிட்டது. அங்கிருந்த டயாலிசிஸ் நோயாளிகள் வாரத்தில் மூன்று நாள் விடியலுக்கு முன் எழுந்து, குட்டி விமானம் ஏறிப் பெரிய தீவுக்குப் போய், இரத்தம் சுத்தம் செய்துகொண்டு, களைத்துத் திரும்பினார்கள். ஒன்றிரண்டு வாரத்துக்கு அல்ல, வருடக்கணக்கில்.

ஏழை ஊர்களில் வசித்தவர்களுக்கும், 65 வயதைத் தாண்டிய ஆண்களுக்கும்தான் சாவின் ஆபத்து நெடுநாள் விலகவில்லை என்று அந்த 2,975 அறிக்கையே சொல்கிறது. மற்றவர்களுக்குச் சில மாதங்களில் இயல்புக்குத் திரும்பிய ஆபத்து, இவர்களுக்கு ஆய்வு முடிந்த பிப்ரவரியிலும் குறையவில்லை.

அமெரிக்க அரசு உதவவே இல்லையா?

உதவியது, தாமதமாகவும் தடுமாறியும். அந்த ஒரு மாதத்துக்குள் டெக்சாஸில் ஹார்வி, ஃபுளோரிடாவில் இர்மா என்று இரண்டு பெரிய சூறாவளிகள் அடித்து, ஆட்கள் அங்கே இறங்கியிருந்தார்கள். புவேர்ட்டோ ரீக்கோவில் இருந்த நிவாரணக் கிடங்கின் பெரும்பகுதியும் இர்மாவுக்காகப் பக்கத்து வர்ஜின் தீவுகளுக்குப் போய்விட்டது. மரியா வந்தபோது கிடங்கு ஏறக்குறைய காலி. அமெரிக்கத் துறைமுகங்களுக்கு இடையே அமெரிக்கக் கப்பல்தான் சரக்கு ஏற்றலாம் என்ற 1920ஆம் ஆண்டுச் சட்டத்தை 10 நாள் மட்டும் தளர்த்தினார்கள். ஓட்டு இல்லாத இடத்துக்கு அவசரமும் குறைவு என்று தீவுக்காரர்கள் பேசிக்கொண்டதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

வீட்டுக்கு நிவாரணம் கேட்டவர்களில் நிறையப் பேரிடம் பட்டா இல்லை. தாத்தா கட்டிய வீடு, பேரன் வாழ்கிறான், பத்திரம் யார் பெயரிலும் மாறவில்லை. காகிதம் இல்லாததால் விண்ணப்பம் திரும்பி வந்தது. வருடக்கணக்கில் கூரைக்குப் பதில் நீலத் தார்ப்பாய்கள்தான்.

ஊர்க்காரர்கள் காத்திருக்கவில்லை. உதுவாதோ மலைப்பகுதியில் ரியோ அபாஹோ என்ற ஊரின் பாலத்தை ஆறு அடித்துக்கொண்டு போனது. அங்கிருந்தவர்கள் சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டி ஒன்றைக் கயிறும் கப்பியும் கட்டி ஆற்றுக்கு மேலே தொங்கவிட்டு, அரிசியையும் தண்ணீரையும் இந்தக் கரைக்கு இழுத்தார்கள். மறக்கப்பட்டவர்களின் முகாம் என்று ஒரு பலகையும் எழுதி மாட்டினார்கள். சமையல் கலைஞர் ஹோசே ஆந்த்ரேஸின் அமைப்பு முப்பது லட்சம் சாப்பாட்டுக்கு மேல் சமைத்துக் கொடுத்தது. அதுந்தாஸ் ஊரில் காசா புவேப்லோ என்ற சமூக மையத்தின் மேல் 1999இலிருந்தே சூரியத் தகடுகள் இருந்தன. தீவே இருண்டபோது அங்கே விளக்கு எரிந்தது, ஜனங்கள் மருத்துவக் கருவிகளைத் தூக்கிக்கொண்டு அங்கே வந்தார்கள்.

ஒரு வருடம் கழித்து, 2018 செப்டம்பரில், சேய்பா ஊரின் பழைய விமான ஓடுபாதையில் லட்சக்கணக்கான தண்ணீர்ப் பாட்டில்கள் வெயிலில் கிடப்பதாகப் படம் வந்தது. அதற்கு விளக்கம் சொல்ல ஒவ்வொரு துறையும் இன்னொரு துறையைக் கைகாட்டியது.

அமெரிக்க மருத்துவமனைகளில் சலைன் தட்டுப்பாடு வந்ததும் இதனால்தானா?

ஆமாம். மருந்தைக் கலந்து ஏற்றும் சின்ன சலைன் பைகளில் பெரும்பகுதியை ஒரே நிறுவனத்தின் புவேர்ட்டோ ரீக்கோ ஆலைகள் செய்துகொண்டிருந்தன. ஆலைகள் நின்றதும் அமெரிக்காவின் பெரிய மருத்துவமனைகளிலும் செவிலியர்கள் சொட்டுப் பைக்குப் பதிலாக ஊசிக்குழலில் மருந்தை மெதுவாகக் கையால் செலுத்த வேண்டியதாயிற்று.

இந்தியக் குரங்குகளுக்கும் மரியாவுக்கும் ஏதோ தொடர்பு என்கிறார்களே?

உண்மைதான். புவேர்ட்டோ ரீக்கோவின் தென்கிழக்கே காயோ சாந்தியாகோ என்ற சிறு தீவு இருக்கிறது. 1938இல் ஆராய்ச்சிக்காக இந்தியாவிலிருந்து கப்பலில் கொண்டுபோய் விட்ட சில நூறு ரீசஸ் குரங்குகளின் வம்சம் அங்கே வாழ்கிறது. நம் ஊர்க் கோயில்களில் வாழைப்பழம் பறிக்கும் நாட்டுக் குரங்கு இல்லை இது, வட இந்தியாவின் செம்முகக் குரங்கு. முன்கோபத்துக்குப் பேர்போனது.

மரியா அந்தத் தீவின் மரங்களில் பாதிக்கு மேல் அழித்துவிட்டது. குரங்குகள் பெரும்பாலும் பிழைத்துக்கொண்டன. ஆனால் வெயிலில் ஒதுங்க நிழல் இல்லை. பட்டுப்போன மரத்தண்டு ஒன்றின் ஒடுங்கிய நிழலில் குரங்குகள் வரிசையாக நெருங்கி உட்காருவதை ஆய்வாளர்கள் பார்த்தார்கள். முன்பு பக்கத்தில் வந்தாலே சீறியவை, சண்டை குறைத்து, இடம் பகிர்ந்துகொண்டன. அப்படிச் சகித்துக்கொண்ட குரங்குகளே அதிகம் உயிர்வாழ்ந்தன என்று பல ஆண்டுத் தரவை வைத்துச் சொல்கிறார்கள்.

புவேர்ட்டோ ரீக்கோவுக்கு அப்புறம் மரியா எங்கே போனது?

பலம் குன்றி வடக்கே திரும்பியது. முன்னால் போன ஹோசே என்ற புயல் விட்டுச்சென்ற இடைவெளி அதை இழுத்துக்கொண்டது. வட கரோலினா கரைக்கு வெளியே மெதுவாக நகர்ந்து, பிறகு கிழக்கே வளைந்து, அக்டோபர் 2 வாக்கில் அயர்லாந்துக்குத் தென்மேற்கே கடலில் கலைந்தது. அமெரிக்கப் பெருநிலத்தில் கரையேறவே இல்லை. தொலைக்காட்சிகள் சீக்கிரம் வேறு செய்திக்குப் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

மொத்தச் சேதம்?

புவேர்ட்டோ ரீக்கோவும் வர்ஜின் தீவுகளும் சேர்ந்து ஏறக்குறைய 9,000 கோடி டாலர் என்பது அமெரிக்க அரசின் மதிப்பீடு. பயிர் மதிப்பில் 80 சதவீதம் போனது, மலைச்சரிவுக் காப்பித் தோட்டங்கள் உட்பட. அடுத்த ஓராண்டில் மக்கள்தொகை 1,30,000 பேர் அளவுக்குக் குறைந்தது, பெரும்பாலும் ஃபுளோரிடா பக்கம் குடிபெயர்ந்தவர்கள்.

புவி வெப்பமாதலால்தான் இப்படி வந்ததா?

புயல் அதற்கு முன்பும் வந்தது, 1899லும் 1928லும் தீவே சின்னாபின்னமானது. கேட்க வேண்டியது எவ்வளவு மோசமாக்கியது என்பதை. 1956 முதல் புவேர்ட்டோ ரீக்கோவைத் தொட்ட 129 புயல்களின் மழையை ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2019இல் வந்தது. அதில் மரியாவின் மழைதான் முதலிடம். அப்படியொரு மழை வருவதற்கான வாய்ப்பு 1950களைவிட இப்போது ஏறக்குறைய ஐந்து மடங்கு என்றும் அது சொன்னது. சூடான காற்று அதிக ஈரத்தைத் தாங்கும், ஆகவே மழையைப் பொறுத்தவரை இதில் பெரிய சர்ச்சை இல்லை. டொமினிக்காவின் ஸ்கெரிட், கூரை பறந்த ஒரு வாரத்துக்குள் ஐ.நா. சபையில் நின்று, பருவநிலைப் போரின் முன்வரிசையிலிருந்து நேராக வருகிறேன் என்ற தொனியில் பேசினார். புகையை வெளியிட்டதில் எழுபதாயிரம் பேர் நாட்டின் பங்கு எவ்வளவு இருந்துவிடும்?

மரியா என்ற பெயரில் இன்னொரு சூறாவளி வருமா?

அட்லாண்டிக்கில் வராது. பெயர்ப் பட்டியல் ஆறு வருடத்துக்கு ஒருமுறை சுழலும், பெரும் நாசம் செய்த பெயரை மட்டும் எடுத்துவிடுவார்கள். அந்த ஒரே ஆண்டில் ஹார்வி, இர்மா, மரியா, நேட் என்று நான்கு பெயர்கள் போயின. மரியாவின் இடத்தில் மார்கோ.

இப்போது தீவின் மின்சாரம் சரியாகிவிட்டதா?

இல்லை. மின் விநியோகம் 2021இலும் உற்பத்தி 2023இலும் தனியார் கைக்குப் போயின. 2022 செப்டம்பர் 18 அன்று ஃபியோனா வந்தது, வெறும் முதல் வகை. தீவு முழுவதும் மறுபடி இருண்டது. 2024 டிசம்பர் 31 விடிகாலையில், புயலே இல்லாமல், ஏறக்குறைய முழுத் தீவுக்கும் மின்சாரம் போனது. 2025 ஏப்ரல் 16 அன்று, ஈஸ்டர் வாரத்தில், மறுபடியும்.

2019இல் ஆளுநர் ரோசெயோவும் அவருடைய கூட்டாளிகளும் பேசிய 889 பக்க அந்தரங்க உரையாடல் கசிந்தது, அதில் மரியாவின் பிணங்களை வைத்துக்கூடக் கிண்டல் இருந்தது. லட்சக்கணக்கானவர்கள் தெருவில் இறங்கினார்கள், அவர் பதவி விலகினார். ஆட்கள் மாறினார்கள், கம்பிகள் பெரும்பாலும் அதே மலைமேல் அதே பாதையில்தான் போகின்றன.

ஜனங்கள் வாரியத்தை நம்புவதை விட்டுவிட்டார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் இப்போது கூரைமேல் சூரியத் தகடும் உள்ளே பேட்டரியும் இருக்கின்றன. அதுந்தாஸில் கடைத்தெருக்காரர்கள் சேர்ந்து 2023இல் பொதுவாகவே ஒரு சூரிய மின்வலை அமைத்துக்கொண்டார்கள், ஊருக்கு மின்சாரம் போனாலும் சில நாள் மருந்துக்கடையும் ரொட்டிக்கடையும் ஓடும். தகடும் பேட்டரியும் வாங்க வசதி இல்லாதவர்கள் பெட்ரோல் ஜெனரேட்டர் வைத்திருக்கிறார்கள். அதுவும் இல்லாதவர்கள், 2017இல் அதிகம் இறந்த அதே ஏழை ஊர்களில், ஜூன் மாதம் புயல் காலம் தொடங்கும்போது ஐஸ்பெட்டியும் மெழுகுவர்த்தியும் வாங்கி வைக்கிறார்கள்.